தலை எண்ணாமல் ஏற்றும் உலை

யாழ்ப்பாணத்தில், எங்கள் வலிகாமப் பக்கத்தில், ஒரு வீட்டார் நம்மை விருந்துக்கு அழைத்தால் அடுத்த கேள்வி எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அதில் குறை காண ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துப் பரப்புக் கணக்கில் சிறுத்துப்போன காணியில், கடையில் நிறுத்து வாங்கிய அரிசியைக் கொண்டு, நாலு பக்கமும் மதில் எழுப்பிய முற்றத்தில் விருந்து வைக்கிறவர்கள் தலையை எண்ணாமல் உலை ஏற்ற முடியாது. ஆனால் வைகாசி மாதத்தில் நான் போய்த் தங்கி வருகின்ற, முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் அறியேன்.

"பொங்கலுக்கு வருவாய்தானே?" என்று தோழி தொலைபேசியில் கேட்பாள். யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், எத்தனை நாள் நிற்பேன் என்பதெல்லாம் அவளுடைய விசாரிப்புக்குள் வருவதில்லை. அவளுடைய தாயாரை நான் பெரியம்மா என்று அழைப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து வந்திருந்த பேரப்பையன் ஒருவன், அடுப்பில் ஏறிக்கொண்டிருந்த பெரிய கிடாரத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினை பேருக்கு அம்மம்மா இது?" என்று கேட்டான். அகப்பையைக் கீழே வைக்காமலே பெரியம்மா சொன்னார்: "வாறவைக்கு."

அந்த வீட்டில் கூட்டம் கூடுவதற்குக் காரணம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் நந்திக்கடலின் கரையிலுள்ள அந்தக் கோயிலில் பொங்கல் நடக்கும் என்பது ஈழத்தில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது ஒரு நாள் திருவிழா அன்று என்பதை அந்தப் பக்கத்து வீடொன்றில் தங்கிப் பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, அதற்கடுத்த கிழமையில் சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குப் போய்க் கடலில் உப்புநீர் எடுத்து வருவார்கள். அந்த நீரை ஊற்றி முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஏற்றுகின்ற விளக்கு ஒரு கிழமை எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கல். அது முடிந்ததும் மடைப்பண்டங்கள் என்கிற படையல் பொருட்கள் வற்றாப்பளைக்குப் புறப்படும். திங்கள் முழுநாளும் இரவும் அங்கே பொங்கல். ஆகவே முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கிழமை முழுவதும் வாசலில் சனம் இருந்துகொண்டே இருக்கும்.

கோயிலின் ஐதீகமும் இந்த வாசலோடு தொடர்புடையதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து நின்றாள் என்பார்கள். பசிக்கிறது என்றாள், பையன்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டதும் விளக்கு ஏற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை என்றார்கள், கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், ஏற்றினார்கள், எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம். முடியை விலக்கிப் பார்த்த பையன்களுக்குத் தலை முழுவதும் கண்களாகத் தெரிந்தன என்றும், அவர்கள் மிரண்டு நிற்கையிலேயே கிழவி மறைந்துபோனாள் என்றும் கதை முடியும். உப்புநீர் விளக்கின் அதிசயத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ அந்தப் பையன்கள் ஆர், எவர், எந்த ஊர் என்று கேட்காமல் உலை வைத்ததுதான் கதையின் முக்கியமான இடமாகப் படுகிறது. வைகாசியில் அந்த ஊரார் செய்வது அதையேதான்.

எங்களுக்கு அவர்கள் அதைச் செய்தது 1996ஆம் ஆண்டில். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவில், போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சில மாதம் இருந்து, பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வன்னிக்கு வந்து, கடைசியாக முள்ளியவளையில் ஒரு வளவின் படலைக்கு முன்னால் நின்றோம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர் வீடு, அவ்வளவுதான் தொடர்பு. பெரியம்மாவும் அவருடைய கணவரும் கிணற்றடிக்குக் கிழக்கே, மாமரத்துக்குக் கீழே கொட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஏற்கெனவே அந்த வளவில் வேறு கொட்டில்களும் இருந்தன. குடாநாட்டுச் சனம் வந்து இறங்கிய அந்த நாட்களில் வன்னியில் இப்படிக் கொட்டில் இல்லாத வளவு குறைவு. வாடகை என்ற பேச்சு எழவேயில்லை. அவர்களுடைய மகளும் நானும் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்து நாங்கள் ஊர் திரும்பும்வரை ஒரே கிணற்றில் குளித்து, ஒரே அடுப்படியில் உண்டு வளர்ந்தோம். ஆகவே இது நான் தேடிப்போய்ப் பிடித்த நட்பன்று. அவர்கள் முற்றத்தில் நாங்கள் இருந்தபடியால் வந்தது.

நாங்கள் போன பிறகும் அந்த மாமரத்தடி சும்மா கிடக்கவில்லை. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துப்போட்டபோது, கடற்கரையிலிருந்து ஓடி வந்த இரண்டு குடும்பங்கள் அங்கே இருந்தன. அதற்குப் பிறகு வந்த போரைத்தான் உலகமே அறியும். 2008 மார்கழிக்குள் முள்ளியவளைச் சனமும் இடம்பெயர்ந்தது. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, வட்டுவாகலைக் கடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் போய் முடிந்தது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று அப்பா அவர்களைப் பார்த்து வந்தார். எங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் ஒரு பார்சல் கொடுப்பதற்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்று சொல்லிச் சொல்லி அப்பா மாய்ந்துபோனதை நான் மறக்கவில்லை.

முகாமில் எல்லாம் எண்ணிக்கைதான். கூடாரத்துக்கு இத்தனை பேர், ஆளுக்கு இத்தனை லீற்றர் தண்ணீர், குடும்ப அட்டைக்கு இத்தனை கிலோ மா. பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. எந்தப் படிவத்தை நீட்டினாலும் குடும்ப உறுப்பினர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். மூத்த மகன் அந்தக் கடைசி மாதங்களில் எங்கே போனான் என்று தெரியாது. அவனைச் சேர்த்து எழுதினால் ஆளைக் காட்டு என்பார்கள். விட்டு எழுதினால் அது அவர் கையாலேயே எழுதிய வேறொரு செய்தியாகிவிடும். இன்றுவரை எந்த அலுவலகத்திலிருந்து யார் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாலும், "எழுதுறதை நீங்களே எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா உள்ளே போய்விடுவார். தலை எண்ணுவதில் அவருக்குள்ள வெறுப்பு வெறும் தாராள மனசால் மட்டும் வந்ததன்று என்பதைச் சொல்ல வேண்டும் என்பதால் இதை இங்கே எழுதினேன். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

2010இல் அவர்கள் திரும்பி வந்தபோது வளவில் கிணறும் மாமரமும் வீட்டின் அத்திவாரமும்தான் மிஞ்சியிருந்தன. முதலில் தகரக் கொட்டில். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம் ரூபாயைக் கட்டம் கட்டமாகத் தந்து, மிச்சத்தை வீட்டுக்காரரே பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டிய திட்டம் அது. சீமெந்தும் மணலும் விலை ஏறிக்கொண்டே போக, தோழியின் நகைகள் அடைவுக்குப் போய்த்தான் கூரை ஏறியது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. தோழியும் கணவரும் பிள்ளையும் பெரியம்மாவும் இருப்பதற்கு அது போதும். வைகாசிக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

ஆனால் வைகாசியில் அந்த வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை என்பதுதான் உண்மை. உள்ளே பைகளும், வயதானவர்களும், கைக்குழந்தைகளும் மட்டுமே. மற்ற எல்லாம் வளவில்தான். வீட்டோடு ஒட்டிய சீமெந்துக் குசினியில் வாயு அடுப்பு இருக்கிறது. அதில் தேநீர் வைப்பார்கள். சமையல் நடப்பது பின்னால் பெரியம்மா வற்புறுத்திப் போடுவித்த ஓலைக் கொட்டிலில். அரைச்சுவர் வைத்து மண்ணால் மெழுகிய கொட்டில் அது. மூன்று அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் காட்டு விறகும், தேங்காய்ப் பொச்சும், காய்ந்த பனங்கொட்டையான ஊமலும் வேறு வேறாக அடுக்கியிருக்கும். பிடிக்க வைப்பதற்குப் பொச்சு, நின்று எரிவதற்கு விறகு, கறி இறக்கிய பிறகு அனல் கிடப்பதற்கு ஊமல்.

நான் வழக்கமாகச் சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேருவேன். பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாக வரும் பேருந்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது பேருந்துக்குள் பேச்சு நின்றுவிடும் என்பதைத் தவிர, அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டுப் படலையைத் திறந்தால், "வா பிள்ளை, கால் முகத்தைக் கழுவிப்போட்டு இதைப் பிடி" என்று ஒரு வேலை கைக்கு வரும். அநேகமாக அது திருவலையாக இருக்கும். ஞாயிறும் திங்களும் துருவ வேண்டிய தேங்காய்களுக்குக் கணக்கே கிடையாது. வந்தவரை ஒரு கதிரையில் இருத்தி வைத்து உபசரிப்பது அந்த வீட்டில் இல்லை. இருத்தி வைக்கப்பட்டால் நீங்கள் நோயாளி அல்லது சம்பந்தம் பேச வந்தவர் என்று பொருள். கனடாவிலிருந்து முதன்முறையாக வந்த மருமகள் ஒருத்தி, எல்லோரும் வேலை செய்கையில் தனக்கு மட்டும் வேலை தரவில்லை என்று தோழியிடம் கண்கலங்கியதும், அடுத்த நிமிடமே அவளுக்கு முன்னால் ஒரு சுளகு நிறையப் பயற்றங்காய் வந்து விழுந்ததும் அந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிற கதை.

ஆண்களுக்கு வேறு வேலை. தோழியின் கணவரை அண்ணை என்று அழைப்பேன். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். வைகாசியில் சிறுபோகப் பயிர் பச்சையாக நிற்கும். இரவில் யானைக்குக் காவலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் இரவுக் காவலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, வீதியோரமாகத் தண்ணீர்ப்பந்தலுக்குக் கம்பு நடுவார். ஊரில் பல படலைகளுக்கு முன்னால் இப்படி ஒரு பந்தல் எழும்பும். தென்னோலைக் கிடுகு, வாழைக்குலை, வேப்பிலைத் தோரணம், இரண்டு பெரிய மண்பானை. ஒன்றில் மோர், மற்றதில் எலுமிச்சைத் தண்ணீர். அண்மைக் காலமாக ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தடுத்த நாலு பந்தல்களில் நாலு பக்திப் பாடல்கள் ஒரே நேரத்தில் அலறினால் அம்மனுக்கே எது யாருடைய நேர்த்தி என்று குழம்பும். நெகிழிக் குவளைகளும் அப்படித்தான். வீதியோரம் முழுவதும் மிதிபட்டுக் கிடக்கும். இந்த வீட்டுப் பந்தலில் இப்போது எவர்சில்வர் பேணிதான் கொடுக்கிறார்கள். அதைக் கழுவுவதற்கென்றே இரண்டு பையன்களை வாளியோடு இருத்தியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு என்னுடைய நச்சரிப்பும் ஒரு காரணம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை குளத்திலிருந்து வரும். விடியற்காலையில் பொடியன்கள் போய்த் தாமரை இலை பறித்து, ஓலைப்பாயில் அடுக்கி, தண்ணீர் தெளித்து மாமர நிழலில் வைப்பார்கள். வாழை இலையில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத் தாமரை இலை ஒரு சோதனை. நடுவில் காம்பு கிள்ளிய இடத்தில் சிறு குழி. அங்கிருந்து நரம்புகள் நாலாபக்கமும் ஓடும். சொதியை வெறும் இலையில் ஊற்றினால் ஒட்டாது. மணி மணியாக உருண்டு மடிக்கு வந்துவிடும். ஆகையால் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, சுற்றிலும் அணை கட்டிக்கொண்டுதான் சொதிக்குக் கை காட்ட வேண்டும். "வன்னியான் குளம் கட்டினது சும்மாவே? முதல்லை சோத்திலை கட்டிப் பழகினவன்" என்று அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர் ஒருவராவது சிரிப்பார்.

சாப்பாடு முழுவதும் மரக்கறி. தீர்த்தம் எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் ஏறாது. வைகாசி பலாவின் காலம் என்பதால் பலாக்காய்க் கறி கட்டாயம் இருக்கும். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணி, பருப்பு, மாங்காய்ச் சொதி, மோர்மிளகாய் பொரித்தது. சோறு அவர்களுடைய வயலில் விளைந்த சிவப்பரிசி. மாசியில் காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா முதலில் வைகாசிக்கென்று சில மூட்டைகளை ஒதுக்கிவிடுவார், மிச்சத்தைத்தான் விற்கலாம். நெல்விலை படுத்துக் கிடந்த ஆண்டுகளிலும், அடைவு மீட்க வேண்டிய ஆண்டிலும் இதில் மாற்றம் இல்லை. எண்ணாமல் சமைப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பந்தியில் இலை போடும்போது பெரியம்மா கொட்டில் வாசலில் நின்று முற்றத்தை ஒருமுறை பார்ப்பார். வீதிப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். "இன்னும் ரெண்டு கொத்து போடு" என்பார். கொத்துப் பெட்டியால் அளந்த அரிசி, முதல் உலை வடிக்கும்போதே இரண்டாம் உலைக்குப் போகும். சோறு குறைந்து நான் பார்த்ததில்லை. மிஞ்சினால் பின்னேரம் மாடுகளுக்கு.

வருகிறவர்களில் பாதிப் பேரை வீட்டாருக்கே தெரியாது. உறவினர், அயலவர், எங்களைப் போல ஒரு காலத்தில் அந்த வளவில் கொட்டில் போட்டிருந்தவர்கள், அவர்கள் கூட்டிவந்தவர்கள். இவர்களோடு கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களும் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள், வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டுவிட்டு மேலே செல்வது வழக்கம். காவி வேட்டியும் தோளில் ஒரு பையுமாக, கொப்புளம் வெடித்த கால்களோடு வந்து மாமரத்தடியில் படுப்பார்கள். ஒருமுறை அப்படி வந்த முதியவர் ஒருவர் விடிய எழும்பி, யாருக்கும் சொல்லாமல் முற்றம் முழுவதையும் கூட்டி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். பெயர் என்ன, ஊர் எது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை பிற்பகலில் வற்றாப்பளைக்குப் புறப்படுவோம். சிலர் நடப்பார்கள், நாங்கள் பெரும்பாலும் அண்ணையின் லான்ட்மாஸ்டரில், அதாவது பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில். பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பொங்கல் சாமான்களை நடுவில் வைத்து, பிள்ளைகளை அடைத்து வைத்தாற்போல ஏற்றிக்கொண்டு போவோம். வழியெங்கும் தூக்குக்காவடிகள் வரும். முதுகில் செடில் என்ற கொக்கிகளைக் குத்தி உழவு இயந்திரத்தின் முன்னால் கட்டிய மரத்தில் தொங்குகிறவரைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் துணிவதில்லை, தலையைக் குனிந்துகொள்வேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கிற பெண்கள் இருப்பார்கள். வைகாசியில்தான் காட்டில் பாலை பழுக்கத் தொடங்கும். மஞ்சள் மணிகளைப் போன்ற அந்தப் பழத்தில் ஒரு கை வாய்க்குள் போனால் போதும், பால் பிசினாகி உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெயில் பாதி, பிள்ளைகளின் வாயைத் துடைப்பதிலேயே முடிந்துவிடும்.

கோயில் வெளியில் இருட்டியதும் அடுப்புகள் வரிசை வரிசையாக எரியத் தொடங்கும். மூன்று கல், ஒரு பானை, பானையைச் சுற்றி ஒரு குடும்பம். நந்திக்கடலிலிருந்து வீசும் காற்றுக்கு நெருப்பு ஒரு பக்கமாகச் சாய, சாம்பல் எல்லோருடைய தலையிலும் வந்து படியும். பச்சையரிசியும் வறுத்த பயறும் வெந்து மசிந்த பிறகு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, கஜுவும் முந்திரிகை வற்றலும் போட்டு இறக்குவோம். பக்கத்து அடுப்புக்காரர் தீப்பெட்டி கேட்டு வருவார்; பொங்கி முடிந்ததும் ஒரு கிண்ணம் பொங்கலோடு திரும்பி வருவார். உள்ளே கோயிற் பொங்கல் முறைப்படி நடந்துகொண்டிருக்கும். பொங்கற்பானையை வளந்து என்பார்கள். பூசாரியார் அதை நேர்ந்து அடுப்பில் ஏற்றும் நேரத்தில், அந்தப் பெரிய கூட்டம் ஒரே குரலில் அம்மாளாச்சி என்று அலறுவது வெளியில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும். நான் பக்தியில் ஆழ்ந்தவள் அல்லள். ஆனாலும் அந்த ஒலி எழும்போது அகப்பையைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிடுவேன். பெரியம்மா எழுந்திருக்க மாட்டார். பானையைப் பார்த்தபடி, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார்.

செவ்வாய் விடியக் காலை வீடு திரும்பினால் அன்று முழுவதும் தூக்கம். மாமரத்தடியில் பாய்களில் ஆளாளுக்குக் கிடப்போம். சோளகக் காற்று நன்றாகத்தான் இருக்கும், நுளம்புதான் விடாது. வேப்பிலைப் புகை போட்டால் நுளம்போடு நாமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும். கழிப்பறை ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு முன்னால் நிற்கிற வரிசை, கோயிலில் விபூதிக்கு நின்ற வரிசையை விடச் சிறியதன்று.

புதன்கிழமை மீன் வரும். எனக்குக் கேட்டால் உண்மையான விருந்து அன்றைக்குத்தான். கூட்டம் வடிந்து, நெருங்கியவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் நாள். முல்லைத்தீவுக் கரையில் அப்போது கரைவலைக் காலம். அண்ணை மோட்டார் சைக்கிளில் போய், வலை கரையேறும் வரை காத்திருந்து, பெட்டி நிறையச் சூடையும் ஒரு பெரிய பாரையும் கொண்டு வருவார். பாரையில் குழம்பு, சூடையில் புளியாணம்; மிச்சத்தை மஞ்சள் உப்புப் பிரட்டிப் பொரிப்பார்கள். இத்தனை நாள் மரக்கறிக்குப் பிறகு அந்தக் குழம்பின் மணம் வீதிவரை போகும். அன்று தாமரை இலை இல்லை. ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள்ளேயே குந்திக்கொள்வோம். திருமணங்கள், காணிச் சண்டைகள், யார் வெளிநாடு போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்ற பேச்சுகள் எல்லாம் அன்றுதான் நடக்கும்.

கடந்த முறை அந்தப் பேச்சு முழுவதும் ஒரு கட்டடத்தைப் பற்றியதாக இருந்தது. கனடாவில் இருக்கும் தோழியின் தம்பி, ஊருக்கு வந்தால் தங்குவதற்கும் விருந்தினர் நிற்பதற்கும் என்று இரண்டு அறைகளைக் குளியலறையோடு கட்டச் சொல்லிப் பணம் அனுப்பியிருந்தான். அண்ணைக்குச் சம்மதம். "வாறவை வசதியாய் நிக்க வேணுமெல்லோ, தங்கச்சி?" என்று என்னைத் துணைக்கு இழுத்தார். அறைகளுக்கு அவர் குறித்த இடம் ஓலைக் கொட்டில் நின்ற இடம். பெரியம்மா மீன்முள்ளை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, "ரெண்டு அறை கட்டினால் ரெண்டு குடும்பத்துக்குத்தான் பாய் போடலாம். மற்றவை படலையிலை நிண்டு யோசிப்பினம்" என்றார். தோழி இரண்டு பக்கமும் பேசவில்லை.

நான் பெரியம்மாவின் பக்கம். ஆனால் எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்று வாதாடுவதற்கு, வருடத்தில் சில நாள் வந்து போகிற எனக்கு அருகதை இல்லை. அந்த வரிசையில் நின்றவள் என்ற முறையில், அறைகளை விட்டுவிட்டுக் கிணற்றிலிருந்து தள்ளி வடக்கு மூலையில் இன்னும் மூன்று கழிப்பறைகளும், பெண்கள் குளிப்பதற்கு ஒரு மறைப்பும், பாய்களும் பைகளும் வைக்க ஒரு நீண்ட தாழ்வாரமும் கட்டலாமே என்றேன். அண்ணை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அன்று பின்னேரமே மேசன் வந்தார். குழியை எத்தனை பேருக்கு என்று கணக்கிட்டு வெட்டுவது என அவர் கேட்க, வீட்டில் நாலு பேர் என்றார் அண்ணை. "வைகாசியைச் சொல்லு" என்று கொட்டிலுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. மேசன் நூலை இன்னும் ஆறடி தள்ளிப் பிடித்தார்.

கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன என்று தோழி போன கிழமை தொலைபேசியில் சொன்னாள். சிறுபோக அறுவடை முடிந்ததும் வேலை தொடங்குமாம். தன் பணத்தில் எழும்பப் போவது குளியலறையோடு கூடிய இரண்டு அறைகள் அல்ல, வரிசையாக மூன்று கழிப்பறைகளும் ஒரு தாழ்வாரமும்தான் என்பதைக் கனடாவிலிருக்கும் தம்பிக்கு யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.